ஒரே மணல், மூன்று வரைபடங்கள்

உடன்குடி என்றதும் கருப்பட்டிதான் நினைவுக்கு வரும். அந்தக் கருப்பட்டியின் பிறப்பிடத்தை இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 நிலப்படத்தில் காணலாம். தாளில் 2 சென்டிமீட்டர், தரையில் 1 கிலோமீட்டர். ஊருக்கு வடக்கே குதிரைமொழித் தேரியின் மணல்மேடுகளும் அவற்றைச் சூழ்ந்த பனைகளும் அதில் குறியீடுகளாக நிற்கின்றன.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் படத்தில் பனை இல்லை. நிறம் மட்டுமே உண்டு. தேரி மணலுக்கு ஒரு நிறம், கடற்கரை மணலுக்கு வேறொன்று. இந்த மணலில் இல்மனைட், கார்னெட், சிர்கான், ரூட்டைல் போன்ற கன கனிமங்கள் கலந்துள்ளன. ஆனால் நிறம் மணலின் வகையைத்தான் கூறும். கனிமத்தின் அளவை அறியத் துளையிட்டு மாதிரி எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது, நிலத்தடி நீர் வரைபடம். தேரியில் பெய்யும் மழை ஓடுவதில்லை; மணலுக்குள் இறங்கித் தாழ்வான இடங்களில் ஊறி வெளிவருகிறது. அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலின் சுனையைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பனையும் கனிமமும் நீரும் ஒரே மணலில்தான் இருக்கின்றன. ஒன்றை அள்ளினால் மற்ற இரண்டும் என்னவாகும் என்பதைத் தனித்தனிப் படங்கள் காட்டுவதில்லை. 2007-இல் சாத்தான்குளம் வட்டாரத்தில் டாடா நிறுவனம் திட்டமிட்ட டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை, மக்கள் எதிர்ப்பால் நின்றுபோனது. அன்று ஆலைத் தரப்பு பார்த்தது கனிமப் படத்தை. விவசாயி பார்த்தது தன் கிணற்றை. கடற்கரைக் கனிம மணல் அள்ளுவதற்கு 2013-இல் தமிழக அரசு தடை விதித்தபோதும் வழக்கு ஏறத்தாழ இதுவே.

கடலிலும் இதே கதைதான். தூத்துக்குடிக்கு அப்பால் தோலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பின்னர் அவை வரைபடங்களிலும் ஏறின. பாறை இன்றும் அங்கேயே கிடக்கிறது. முத்துக்குளிப்போ 1961-உடன் நின்றுவிட்டது. இருப்பிடம் தெரிந்ததால் இருப்பு உறுதியாகிவிடாது.

புவியியல் வரைபடங்களைப் பூகோஷ் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். ஆனால் ஆங்கிலம் வேண்டும். தேரிக்காட்டு மக்களுக்குத் தெரிந்த வரைபடம், சர்வே எண்ணுள்ள கிராமப் புலப்படம். கனிமம், நீர், பனை மூன்றையும் அதன்மீதே தமிழில் குறித்து, எந்த உரிமமும் வழங்குவதற்கு முன்னால் கிராம சபையில் விரித்துக்காட்ட வேண்டும் என்பது என் கோரிக்கை. மாவட்ட நிர்வாகம் இதைக் குதிரைமொழியிலிருந்து தொடங்கலாம்.