மகவோடு மலையேறுதல்

கார்த்திகைச் சோமவாரத்தில், காலையில் குளித்தலைக் கடம்பவனநாதரையும், நண்பகலில் திருவாட்போக்கி இரத்தினகிரீசரையும், மாலையில் திருஈங்கோய்மலை மரகதாசலேசரையும் ஒரே நாளில் வழிபடுதல் மெய்யன்பர் மரபாகும். இவற்றுள் திருவாட்போக்கி, ஐயர்மலை என இன்று வழங்குவது. 1017 படிகளை உடையது. அப்பர் பெருமானின் பதிகம் பெற்றது. 2024ஆம் ஆண்டில் இங்குக் கம்பிவட ஊர்தியும் அமைந்தது. எனினும், தம் மக்களைப் படிவழியே நடத்திச் செல்ல விரும்பும் பெற்றோர் உளர். அவர்பொருட்டுச் சில கூறுவோம்.

நாள்முழுதும் ஓடி விளையாடும் பிள்ளை மலையேறவும் வல்லது என்று எண்ணுதல் பொருந்தாது. விளையாடும் பிள்ளை களைத்தவிடத்து அமர்ந்துவிடும். மலையிலோ பெரியோர் விரைவுக்கு ஈடுகொடுக்க முயலும். அன்றியும், படியின் உயரம் எல்லோர்க்கும் ஒன்றே. நமக்குக் கணுக்காலுக்குச் சற்று மேல் நிற்கும் படி, ஐந்து வயதுக் குழந்தைக்கு முழங்காலை நெருங்கி நிற்கும். ஒவ்வோர் அடியும் அதற்கு ஒரு சிறு மலையே என்க.

ஆகவே, புரட்டாசி பிறந்ததுமே பயிற்சி தொடங்குதல் நலம். இரண்டு திங்கள் கிடைக்கும். முதலிரு வாரம், வாரத்திற்கு மூன்று நாள், மாலையில் அரைமணி நேரம் நடந்தால் போதும். பின்னர்ப் படிகள். அருகில் உள்ளோர்க்குத் திருச்சி உச்சிப்பிள்ளையார் கோயிலின் 400க்கு மேற்பட்ட படிகள் தக்க பயிற்சிக் களம். கோயிற்படிகளில் காலணி இன்றி ஏறவேண்டியிருத்தலால், வெறுங்காலோடு நடந்து உள்ளங்காலையும் பழக்குதல் வேண்டும். நண்பகல் வழிபாட்டிற்கு நண்பகலிலேயே ஏறத் தொடங்குவோர் உளர், அஃது அறியாமை. வெயில் ஏறுமுன் மேலே சென்று நிழலில் காத்திருப்பதே முறை. கல் சுடத் தொடங்கியபின் பிஞ்சுக்கால் தாங்காது.

விரைவை அளக்கக் கருவி வேண்டா. ஏறும்போதே திருவைந்தெழுத்தை மூச்சு இடறாமல் பிள்ளையால் ஓத இயலுமாயின் நடை சரியானது. ஓதல் துண்டுபட்டால் நிற்க. விளையாட்டு நினைவில் பிள்ளைகள் தாகத்தை உணரார். கேட்குமுன்னரே சிறிது சிறிதாக நீர் கொடுத்துவருதல் வேண்டும். மூச்சிரைப்பு, இதயநோய் உடைய பிள்ளையாயின் மருத்துவர் இசைவு பெறாமல் புறப்படற்க.

இறங்குதல் எளிது என்பர். உண்மை வேறு. இறங்கும்போது தொடைத்தசைகள் நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குகின்றன. அதனால் எழும் வலி அன்று தோன்றாது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் மிகும். ஆதலின், படிப்பயிற்சிக்குப்பின் இரண்டு நாள் இடைவெளி விடுக. இறங்குங்கால் பெரியவர் ஒருவர் பிள்ளைக்கு முன்னே, கீழ்ப்படியில் செல்லவேண்டும்.

இனி, சொல்லத் தயங்கும் செய்தி ஒன்று உண்டு. நேர்ந்துகொண்டவர் தந்தை, நடப்பவனோ மகன். பாதி மலையில் பிள்ளை முகம் வெளிறி, பேச்சடங்கி, தலைவலி என்றோ குமட்டல் என்றோ கூறும்போது, “இன்னும் கொஞ்சந்தான்” என்று இழுத்துச் செல்லுதல் பத்தியாகாது. நிழலில் அமர்த்தி நீர் கொடுத்தும் தெளியாவிடில், இறக்கி மருத்துவரிடம் சேர்ப்பதே கடமை. வேண்டுதல் தவறுமே என்று அஞ்சுவார் பெரியபுராணத்தை நினைக. கயிலைக்குப் புறப்பட்ட நாவரசர் கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பும் தேயப் புரண்டு சென்றபோது, முனிவர் வடிவில் வந்த பெருமானே அவரைத் திரும்பச் சொன்னான். பொய்கையில் மூழ்கியவர் திருவையாற்றில் எழுந்தார்; கயிலைக் காட்சி அவருக்கு அங்கே கிடைத்தது. வழியிலிருந்து திருப்பப்பட்டவர் அடியாருள் தாழ்ந்தவராகக் கருதப்பட்டாரா?

மூன்று தலங்களையும் ஒரே நாளில் முடித்தல் வளர்ந்தோர்க்கு இயலும். முதன்முறை வரும் சிறுவர்க்குக் கடம்பரும் ஐயர்மலையும் போதும். ஈங்கோய்மலையை அடுத்த சோமவாரத்திற்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே படிகளும் குறைவு.