நாயின் முனகல்

விலங்குகளை 'வாயில்லாச் சீவன்கள்' என்று கூறுவது உலக வழக்கு. நாய்க்குச் சொல்லால் அமைந்த மொழி இல்லை என்பது மெய்யே. எனினும், தன் நிலையைப் பிறர்க்குத் தெரிவிக்கும் பல்வகை ஒலிகள் அதற்கு உண்டு. தமிழ் மக்கள் அவற்றை வேறுபடுத்திப் பெயரிட்டு வழங்குகின்றனர். அயலாரைக் கண்டு எழுப்புவது குரைப்பு. சினந்து அடித்தொண்டையில் எழுப்புவது உறுமல். தலையை உயர்த்தி நீட்டி எழுப்புவது ஊளை. மெல்லிய குரலில் விட்டுவிட்டு எழுப்புவது முனகல். இவற்றுள் முனகலை வீண் தொல்லை என்று எண்ணி நாயை அடிப்போரும் உளர். அதன் பொருளை அறிந்தோர் அவ்வாறு செய்யார்.

முனகல் ஏன் தோன்றிற்று என்பதை அறிய, நாயின் இளமைப் பருவத்தை நோக்குதல் வேண்டும். தொல்காப்பியம் நாயின் குட்டியைக் 'குருளை' என வழங்கும். குருளை பிறக்கும்போது அதன் கண்கள் மூடியிருக்கும், செவிகளும் கேளா. கண்கள் திறக்க ஏறத்தாழ 2 வாரங்களும், செவிகள் கேட்க ஏறத்தாழ 3 வாரங்களும் ஆகும். தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலும் அதற்கு முதல் வாரங்களில் இல்லை. தாயின் அணைப்பினின்று விலகி உருண்டால் குளிரால் நலியும். அப்போது அது செய்யக்கூடியது முனகுதல் ஒன்றே. அவ்வொலி கேட்ட தாய் விரைந்து அதனை அணைத்துக்கொள்ளும். பின்னர் மனிதரோடு வாழுங்கால், தாய்க்கு விடுத்த அவ்வழைப்பையே நாய் தன்னை வளர்ப்பவர்க்கு விடுக்கின்றது.

முனகல் மெல்லொலியாக இருப்பதற்கும் காரணம் உண்டு. பறவைகளும் பாலூட்டிகளும் பகை காட்டுங்கால் தாழ்ந்த, கரகரத்த ஒலியையும், அச்சமும் பணிவும் உறுங்கால் உயர்ந்த, மென்மையான ஒலியையும் எழுப்புகின்றன என்று யூஜின் மார்ட்டன் என்னும் அமெரிக்க அறிஞர் 1977-ஆம் ஆண்டில் விளக்கினார். பேருடல் தாழ்ந்த ஒலியையும் சிற்றுடல் உயர்ந்த ஒலியையும் தருவது இயல்பு. ஆதலின், 'நான் சிறியேன்; எனக்கு உதவுக' என்பதே முனகலின் பொருள் எனலாம்.

அவ்வுதவி யாது என்பதை ஆராய்ந்தே அறிதல் வேண்டும். பசி, நீர்வேட்கை, கழிவு நீக்க வெளியே செல்லும் தேவை ஆகியவை எளிய காரணங்கள். கதவருகே சென்று மீளும் நாய் தன் தேவையைத் தானே காட்டிவிடுகின்றது. தனிமையும் அச்சமும் அடுத்த காரணங்கள். தாயைப் பிரிந்து புதிய இல்லம் புகுந்த குருளை முதல் சில இரவுகளில் முனகுவது இதனால்தான். எட்டு வாரம் நிரம்புமுன் குருளையைத் தாயிடமிருந்து பிரித்தல் தகாது. தீபாவளி வெடியோசையும் நாயை நடுங்கச் செய்யும். மனிதர் செவி நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையிலான ஒலியையே உணரும். நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 அதிர்வுகள் வரை உணரும்.

இவை எவையும் இல்லாதபோதும் முனகல் தொடருமாயின், வலி உண்டோ என ஐயுறல் வேண்டும். குருளையின் 28 பாற்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும் காலத்தில் ஈறு நோவும். பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய இன நாய்களுக்கு முழங்காற் சில்லு இடம் பெயர்ந்து வலி தருவதுண்டு. செவிப்புண்ணும் வயிற்று நோயும் பிற காரணங்கள். நொண்டுதல், உணவை வெறுத்தல், ஓரிடத்தையே நக்குதல் ஆகியவை வலியின் அறிகுறிகள். அந்நிலையில் கால்நடை மருத்துவரை நாடுதலே முறை. மனிதர் உண்ணும் வலி மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம். வலியுற்ற நாய் வளர்த்தவரையும் கடிக்கக்கூடும்; ஆதலின் அதனை மெல்ல அணுகுதல் வேண்டும்.

முனகும் நாயை அடித்தால் அதன் ஒலி அடங்கலாம், நோய் அடங்காது. காட்ட வேண்டிய குறியை மறைக்கவே அந்நாய் கற்றுக்கொள்ளும். நாம் உண்ணும்போது அருகில் நின்று முனகும் நாய்க்கு ஒவ்வொரு முறையும் உணவு ஈதலும் தவறே. முனகினால் கிடைக்கும் என்று அது பழகிவிடும். அமைதியாக இருக்கும்போது தருவதே நற்பழக்கத்தை வளர்க்கும். கட்டியே வைத்திருக்கும் நாயைத் தக்கவாறு உலவ விடாமையை, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960 குற்றமாகக் கூறுகின்றது.

நோய் தீர்ப்பவன் முதலில் அதன் காரணத்தைக் காண வேண்டும் என்று திருக்குறள் 'மருந்து' அதிகாரம் அறிவுறுத்துகின்றது. நாயின் முனகலுக்கும் அதுவே வழி. சொல்ல அறியாத உயிரின் குறையைக் கேட்டறிந்து தீர்த்தல், அதனை வளர்க்க முன்வந்தோரின் கடமையாகும்.