டீ ட்ரீ ஆயில்: அந்த பாட்டிலை எப்போ திறந்தீங்க?

"பருவுக்கு டீ ட்ரீ ஆயிலை அப்படியே வைக்கலாமா?" ரெண்டு மாசமா நீங்க விடாம கேக்குற கேள்வி. நான் திருப்பி ஒண்ணு கேக்குறேன்: அந்த பாட்டிலை எப்போ திறந்தீங்க?

அது வேலை செய்யும், அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. 1990-ல ஆஸ்திரேலியாவுல 124 பேருக்குக் கொடுத்துப் பாத்தாங்க. பாதிப் பேருக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல், மீதிப் பேருக்கு 5 சதவீத பென்சாயில் பெராக்சைடுங்கிற பரு மருந்து. ரெண்டுலயும் பரு குறைஞ்சுது. டீ ட்ரீ கொஞ்சம் மெதுவு, ஆனா தொந்தரவு கம்மி. கவனிங்க, 5 சதவீதம். உங்க கையில இருக்கிறது 100!

சரி, பாட்டிலுக்கு வருவோம். லாவெண்டர் எண்ணெய்ல லினலூல்னு ஒரு வாசனைப் பொருள் இருக்கு, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்ல லிமோனீன் இருக்கு. புதுசா இருக்கறப்போ ரெண்டும் பெரும்பாலும் சாது. காத்து பட்டுப்பட்டு ஹைட்ரோபெராக்சைடா மாறினதும்தான் அலர்ஜியைக் கிளப்பும். டீ ட்ரீயும் இப்படித்தான் கெடுது. ஒரு தடவை தோல் அதை எதிரியா நினைச்சிட்டா, அப்புறம் அதே வாசனை இருக்கிற சோப்பு, ஷாம்பூ கூட சேராது.

ஊட்டி போனா யூகலிப்டஸ் தைலம் வாங்காம வருவோமா? அந்த மரமும் ஆஸ்திரேலியாவுல இருந்து வந்ததுதான். நம்ம நாவல், கொய்யா, கிராம்பு, டீ ட்ரீ எல்லாம் அதோட குடும்பம்தான். எங்க வீட்டு பீரோவுல ஒரு தைல பாட்டில் இருந்துச்சு, அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. போன வாரம் தூக்கிப் போட்டேன். அம்மா இன்னும் பேசல. ஆனா திறந்து எத்தனை வருஷம் ஆச்சு, சொல்லுங்க!

அய்யோ, நேரம் ஆயிடுச்சு. வேகமா சொல்றேன். 5 மில்லி ஜோஜோபா எண்ணெய்க்கு ஒரு சொட்டு டீ ட்ரீ, சுமாரா ஒரு சதவீதம் வரும், முகத்துக்கு அதுல ஆரம்பிங்க. முதல்ல முழங்கை மடிப்புல தடவி ரெண்டு நாள் பாருங்க. எரிஞ்சா கழுவிட்டு விட்டுடுங்க. பிழிஞ்செடுத்த எலுமிச்சை, பெர்கமாட் எண்ணெய் தடவிட்டு வெயில்ல போகாதீங்க. அதுல இருக்கிற ஃப்யூரானோகூமரின் வெயில் பட்டா கொப்புளம் போட்டுக் கறுத்துடும். கண்ணுகிட்ட வேண்டாம், குடிக்கவே கூடாது. இறுக்கி மூடி இருட்டுல வைங்க. திறந்த தேதியை மார்க்கர்ல பாட்டில் மேலேயே எழுதுங்க. வருஷம் தாண்டினது முகத்துக்கு வேண்டாம். தரை துடைக்கிற தண்ணியில ஊத்தலாமான்னு கேப்பீங்க, வீட்டுல பூனை இருந்தா அதுவும் வேண்டாம்.