உப்புக் காற்றும் ஹைபிரிட் காரும்

மன்னார்ப் பேசாலையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஓடிக்கொண்டிருக்கும்போதே என் ஹைபிரிட் காரின் இழுவை விழுந்து, எச்சரிக்கை முக்கோணம் எரிகிறது. ஓரமாக நிறுத்தி, கொஞ்சம் பொறுத்துக் கிளப்பினால் ஒன்றும் நடவாதது போல ஓடுகிறது. பெரிய பற்றரி முடிந்துவிட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?"

அவசரப்படாதீர்கள். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். யப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த ஹைபிரிட்கள் அதற்குள் இங்கேயே வயதாகிவிட்டன. அந்த வயதை வைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. ஸ்கேனரைச் செருகுகிறார்கள், 'பற்றரித் தொகுதியை மாற்று' என்னும் குறியீட்டைக் காட்டுகிறார்கள், விலையைச் சொல்கிறார்கள். காரின் கணினி பார்ப்பது சில இடங்களின் வோல்ற்றளவை. அது ஏன் விழுந்தது என்று குறியீட்டில் எழுதியிருக்காது.

பிரியஸையே உதாரணமாக எடுப்போம். அதன் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் 1.2 வோல்ற் கலங்கள் 168 உண்டு. ஆறாறாக 28 பெட்டிகள், மொத்தம் 201.6 வோல்ற். பெட்டிக்குப் பெட்டி மின்னைக் கடத்துபவை சிறிய செப்புத் தகடுகள். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி பயணிகள் இருக்கும் இடத்துக் காற்றையே இழுக்கிறது. மன்னாரில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடினால் உப்பும் ஈரமும் அந்த வழியே உள்ளே போகும். தகட்டில் பச்சை பூக்கும்.

எனக்கு மிகப் பிடித்த பௌதிகம் இந்தத் தகட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. இரண்டு உலோகங்களை எவ்வளவு இறுக்கினாலும் அவை முழுப் பரப்பிலும் தொடுவதில்லை. நுண்ணிய மேடுகள் சில மட்டும் முட்டிக்கொள்கின்றன. மின்னோட்டம் முழுவதும் அந்தப் புள்ளிகளுக்குள் நெரிந்து புகுந்து, மறுபக்கத்தில் விரிகிறது. மன்னார்த் தீவு ஒரு உலோகம், பெருநிலம் இன்னொன்று, தள்ளாடிப் பக்கத்துத் தாம்போதி தொடுபுள்ளி என்று வையுங்கள். தாம்போதியில் பாதி அடைபட்டிருந்தாலும் நள்ளிரவில் சைக்கிளில் போகிறவருக்குத் தெரியாது. பாதை நன்றாக இருக்கிறது என்று வந்து சொல்வார். மடு ஆவணித் திருவிழாவுக்குத் தீவே புறப்படும் நாளில் அதே பாதையில் வரிசை மன்னார் நகருக்குள் வரை நீளும், எஞ்சின்கள் கொதிக்கும். தடை அளக்க மல்ரிமீற்றர் அனுப்புவது அந்தச் சைக்கிளைத்தான், மில்லியம்பியர் கணக்கில். கார் முடுக்கும்போது பாய்வது 100 அம்பியர், அது திருவிழா. 0.01 ஓம் தடை சாதாரண மீற்றரில் தெரியவே தெரியாது. 100 அம்பியரில் அதுவே ஒரு வோல்ற்றை விழுங்கி, ஒரு நட்டுக்கு அடியில் 100 வாற் சூட்டைக் கக்கும். பெட்டி தளர்ந்துவிட்டது என்று கணினி முடிவெடுத்து இழுவையைக் குறைக்கும்.

பிறகு ஏன் சரியாகிறது? சூடாகி ஆறும்போது மேடுகள் இடம் மாறும். குலுக்கத்தில் புதிய புள்ளி தொடும். ஒட்சைட்டுப் படலத்தின் குறுக்கே போதிய வோல்ற்றளவு விழுந்தால் படலமே உடைந்து பாதை திறக்கும். உப்பு ஒரு தடத்தை மூட, ஓட்டம் இன்னொன்றைத் திறக்கிறது. கராஜுக்கு வந்ததும் பழுது மறைவது இதனால்தான்.

வரலாறு வேண்டுமென்றால்: 1890இல் பிரான்சின் எதுவார் பிரான்லி உலோகத்தூள் குழாயில் கண்டதும் இதுவே. பக்கத்தில் மின்பொறி பறந்தால் தூள் மின்னைக் கடத்தும், தட்டினால் மீண்டும் தடுக்கும். மார்க்கோனியின் முதல் வாங்கிகள் அதை வைத்தே செய்தி கேட்டன. தொடுகைத் தடைக்கு ஒழுங்கான கணக்கெழுதியவர் சுவீடனின் ராக்னர் ஹோல்ம்.

சோதனையைச் சின்னப் பற்றரியிலிருந்து தொடங்குங்கள். சாதாரண காரில் 12 வோல்ற் பற்றரி தளர்ந்தால் காலையில் எஞ்சின் முனகிக் காட்டிக்கொடுக்கும். பிரியஸில் அதற்கு எஞ்சினைச் சுழற்றும் வேலை இல்லை; கணினிகளை எழுப்பி ரிலேகளை மூடினால் போதும். ஆகவே சத்தமில்லாமல் தளரும். காரை 'ரெடி' நிலைக்குக் கொண்டுவராமல் விளக்குகளையும் காற்றூதியையும் போட்டு, அந்தப் பற்றரியின் மறை முனைக்கும் காரின் உடலுக்கும் இடையே வோல்ற்றளவை அளந்து பாருங்கள். 0.2 வோல்ற்றைத் தாண்டினால் அந்தத் தொடுப்பைச் சுரண்டிப் பூட்ட வேண்டும்.

அடுத்தது ஓட்டத்தில். ஒருவர் முடுக்க, பக்கத்தில் இருப்பவர் ஸ்கேனரில் 14 சோடிப் பெட்டிகளின் வோல்ற்றளவைப் பார்க்கட்டும். ஒரு சோடி மட்டும் விழுந்து, காலை எடுத்த நொடியே மற்றவற்றோடு சேர்ந்துகொண்டால் முதல் சந்தேகம் தகட்டின் மேல். மெல்ல ஊர்ந்து ஏறினால் கலமே தளர்ந்திருக்கிறது, பணம் செலவாகத்தான் செய்யும்.

பெரிய பற்றரியை வீட்டில் திறக்காதீர்கள். செம்மஞ்சள் சேவைச் செருகியைக் கழற்றிக் குறைந்தது 10 நிமிடம் பொறுத்தாலும் பெட்டிகளுக்குள் மின் அப்படியே இருக்கும். 1000 வோல்ற் தாங்கும் இறப்பர்க் கையுறையும் பயின்ற கையும் வேண்டும். அப்படிப்பட்டவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தகடுகளைக் கழற்றித் துப்புரவாக்கினீர்களா? நட்டுகளை முறுக்குமானி வைத்து 5.4 நியூற்றன் மீற்றருக்கு இறுக்கினீர்களா? அதற்கு மேல் முறுக்கினால் பெட்டியின் முனை பெயர்ந்துவிடும், குறைந்தால் மேடுகள் மறுபடி விலகும்.