கடல் கடந்து போகும்போது கைக்காசு கவனம்!

எமது வடக்கு, கிழக்குப் பெண்கள் பலர் இன்று இந்தியா சென்று வருகின்றனர். உடலில் தங்கிவிட்ட குண்டுச் சிதறலுக்கு வைத்தியம் பார்க்க, தமிழக முகாம்களில் வாழும் உறவுகளைக் காண, நேர்த்திக்கடன் தீர்க்க எனத் தேவைகள் பல. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. பயணம் இலகுவாகியிருக்கிறது. ஆனால் கையில் கொண்டு போகும் காசு இலகுவாக வந்ததல்ல. நகையை அடைவு வைத்தும், மாதர் சங்கத்தில் கடன் எடுத்தும் சேர்த்த காசு அது. அதில் ஒரு பகுதி எமக்குத் தெரியாமலே கட்டணமாகக் கரைந்து போவதைத் தடுக்க வேண்டாமா?

காசு எங்கே கரைகிறது?

எமது வங்கி அட்டையை வெளிநாட்டு ஏ.ரி.எம். இயந்திரத்தில் போட்டால் மூன்று இடங்களில் கழிவு நேரலாம். ஒன்று, ஒவ்வொரு தடவைக்கும் எமது வங்கி எடுக்கும் கட்டணம். இரண்டு, அந்த இயந்திரத்துக்குரிய வங்கி எடுக்கும் கட்டணம். மூன்று, நாணய மாற்றின்போது நூற்றுக்கு இவ்வளவு என்று சேர்க்கப்படும் மேலதிகத் தொகை.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு தடவைக்கான கட்டணம் 500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் காசு 20,000 தேவை. பயத்தில் 2,000, 2,000 ஆகப் பத்துத் தடவை எடுத்தால் கட்டணம் மட்டும் 5,000 ரூபா. 10,000 படி இரண்டு தடவை எடுத்தால் 1,000 ரூபாதான். மிச்சம் 4,000 ரூபா! ஒரு கிழமைச் சாப்பாட்டுச் செலவுக்கு அது உதவும். எனவே அடிக்கடி சிறிது சிறிதாக எடுக்காமல், சில நாட்களுக்குத் தேவையானதைக் கணக்கிட்டு ஒன்றாக எடுங்கள்.

சில இயந்திரங்கள் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?" என்று கேட்கும். இலங்கை ரூபாவில் தொகையைக் கண்டதும் மனம் ஆறுதலடையும். ஆனால் அந்த மாற்று வீதம் பெரும்பாலும் எமக்கு நட்டமானது. அந்த நாட்டு நாணயத்தையே தெரிவு செய்யுங்கள். கடைகளில் அட்டை கொடுக்கும்போதும் இதுவே விதி.

கடனட்டையில் ரொக்கம் எடுப்பதைக் கூடியவரை தவிருங்கள். கட்டணத்தோடு, பொதுவாக எடுத்த நாளிலிருந்தே வட்டியும் ஏறும்.

புறப்படும் முன்

வங்கிக்கு நேரில் போங்கள். "இந்த அட்டை இந்தியாவில் வேலை செய்யுமா? ஒரு தடவைக்கு எவ்வளவு கழிப்பீர்கள்? ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம்?" என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். கேட்பது எமது உரிமை, கூச்சம் வேண்டாம். வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் உங்கள் கைத்தொலைபேசிக்கு அங்கேயும் வருமா என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

இந்தியக் கடைகளில் கைத்தொலைபேசியால் பணம் கட்டுவது இன்று சாதாரணம். எங்கள் வங்கிச் செயலி அங்கே ஓடும் என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.

கடவுச்சீட்டு, பயணச்சீட்டு, விசாவைக் காட்டி வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ டொலர் வாங்கலாம். கிழிந்த, எழுத்து விழுந்த தாள்களை வாங்காதீர்கள். அங்கே மாற்ற மறுப்பார்கள். 5,000 டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நாணயத் தாள்களைக் கொண்டு போனால் இந்தியச் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும்.

பெட்டிக்குள் பழைய இந்தியத் தாள்கள் கிடக்கின்றனவா? பழைய 500, 1000 ரூபாத் தாள்கள் 2016 நவம்பரில் செல்லாதவையாக்கப்பட்டன. 2000 ரூபாத் தாள் 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து மீளப்பெறப்பட்டது. இவற்றை நம்பிப் பயணம் போகக் கூடாது.

அங்கே போன பின்

அனுமதி பெற்ற நிலையத்தில் மட்டும் காசை மாற்றி, பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். திரும்பும்போது மிஞ்சிய இந்தியக் காசை மீண்டும் மாற்ற அது தேவைப்படும். உண்டியல்காரர் இரண்டு ரூபா கூடத் தரலாம். ஆனால் கள்ளத்தாள் வந்தால் யாரிடம் முறையிடுவது?

முழுக் காசையும் ஒரே கைப்பையில் வைக்காதீர்கள். அட்டை ஓரிடம், ரொக்கம் ஓரிடம், அவசரத்துக்குச் சிறுதொகை இன்னோர் இடம் எனப் பிரித்து வையுங்கள். அட்டை தொலைந்தால் அறிவிக்க வேண்டிய வங்கித் தொலைபேசி இலக்கத்தைத் தாளில் எழுதி, அட்டையோடு சேர்க்காமல் வேறாக வைத்திருங்கள்.

உங்கள் அட்டை, உங்கள் இலக்கம்

கிராமங்களில் நான் அடிக்கடி காணும் ஒன்று உண்டு. கணக்கு பெண்ணின் பெயரில் இருக்கும். அட்டையும் இரகசிய இலக்கமும் தம்பியிடமோ அயலவரிடமோ இருக்கும். "எனக்கு மிசினில் எடுக்கத் தெரியாது" என்பார்கள். கணவரை இழந்து, தனியே பிள்ளைகளை வளர்த்து, வேளாண்மையும் செய்து வீடும் கட்டிய பெண்ணுக்கு நான்கு எண்களை அழுத்துவது பெரிய காரியமா? பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஊரில் உள்ள இயந்திரத்தில் நீங்களே இரண்டு மூன்று தடவை காசு எடுத்துப் பழகுங்கள். தெரியாத ஊரில், வைத்தியசாலை வாசலில், துணைக்கு வந்தவர் இல்லாத வேளையில் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

ஒரு சிறிய கொப்பியும் பேனையும் கொண்டு போங்கள். எடுத்தது எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று அன்றன்றே எழுதுங்கள். ஊர் திரும்பியதும் வங்கிக் கூற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் தாமதியாது வங்கியில் எழுத்தில் முறையிடுங்கள். அடுத்து இந்தியா போகவிருக்கும் சகோதரிக்கும் அந்தக் கொப்பியைக் காட்டுங்கள்.