தோட்டத்து விளக்கும் ராத்திரித் தூக்கமும்

தோட்டத்தில் இருட்டாக இருக்கிறது என்றால் நாம் முதலில் செய்வது, மாடிச் சுவரில் பெரிய ஃப்ளட் லைட் ஒன்றை மாட்டுவதுதான். கிணற்றடி, துளசி மாடம், முருங்கை மரம் எல்லாம் பட்டப்பகல்போலத் தெரியும். அந்த வெளிச்சம் ஜன்னல் வழியாகப் படுக்கையிலும் விழுவதை யாரும் கவனிப்பதில்லை.

வெள்ளை வேண்டாம், மஞ்சள் போதும்

இருட்டியபின் மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். தூங்கும் நேரம் வந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிவது அதனால்தான். நம் விழித்திரையில் சில செல்கள், உருவங்களைக் காட்டுவதைவிட வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்லும் வேலையையே முக்கியமாகச் செய்கின்றன. நீல ஒளி பட்டால் அவை அதிகம் தூண்டப்படுகின்றன; மெலடோனின் குறைகிறது.

கடையில் 'கூல் டே லைட்' என்று தரும் 6500 கெல்வின் எல்இடி பல்பில் நீலம் அதிகம். 'வார்ம் ஒயிட்' என்று கேளுங்கள். பெட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டிருக்க வேண்டும். தெருவிளக்குகள்கூட 3000 கெல்வினுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016-ல் பரிந்துரைத்தது. மஞ்சள் என்பதற்காக அதையும் கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் போட்டால் பலனில்லை.

படியில் விழுந்த நிழல்

எங்கள் வீட்டில் பின்வாசலுக்கு மேலே விளக்கு இருந்தது. கொடியில் காயும் துணியை எடுக்க அம்மா கொல்லைக்கு இறங்கும்போது வெளிச்சம் முதுகுப் பக்கம் விழும். அவருடைய நிழலே முன்னாலிருக்கும் படியை மறைத்துவிடும். ஒருநாள் கடைசிப் படி தெரியாமல் காலை வைத்து, விழுந்து, மணிக்கட்டை முறித்துக்கொண்டார். விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. 20 வயதில் போதுமாக இருந்ததைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு வெளிச்சம் 60 வயதில் தேவைப்படும். ஆனால் கூச்சமும் அதே வயதில்தான் கூடும். ஆகவே விளக்கு தரையைக் காட்ட வேண்டும், கண்ணில் அடிக்கக் கூடாது. இப்போது எங்கள் படியின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில், மேலே மூடியுள்ள 3 வாட்ஸ் விளக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியின் விளிம்பும் தனித்தனியாகத் தெரிகிறது. பழைய விளக்கைக் கழற்றிவிட்டோம்.

பூச்சி வரும், பின்னால் பாம்பு வரும்

மழைக்காலத்தில் வெள்ளை விளக்கடியில் ஈசல் குவிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பூச்சியைத் தின்னத் தவளையும் பல்லியும் வரும். அவற்றைத் தேடிப் பாம்பு வரலாம். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். விளக்கு எரிந்தால் பாம்பு வராது என்று நம்பி வெறுங்காலோடு இறங்காதீர்கள். செருப்பும் கையில் டார்ச்சும் அவசியம்.

இன்னொரு பூச்சியையும் தெரிந்துகொள்ளுங்கள். எறும்பைப்போல ஒல்லியாக, கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறி இருக்கும் சிறு வண்டு அது. கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஊர்கிறதே என்று அடித்து நசுக்கினால், அதன் உடலிலுள்ள நச்சுநீர் பட்ட இடம் ஓரிரு நாளில் தீக்காயம்போலச் சிவந்து கொப்பளிக்கும். ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். வாசல் நிலைக்கு நேர் மேலே விளக்கு வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால் இவை வீட்டுக்குள் வருவது குறையும்.

ஈரத்தில் மின்சாரம்

வெளியே மாட்டும் விளக்கில் ஐபி 65 என்ற குறியீடு இருக்கட்டும். தூசியும் பீய்ச்சும் தண்ணீரும் உள்ளே போகாது. டேப் சுற்றிய ஒயரை மண்ணில் புதைப்பது உயிரோடு விளையாடுவது. குழாய்க்குள் கேபிள் இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி பொருத்தச் சொல்லுங்கள். குழந்தைகள் ஓடியாடும் இடமானால் 12 வோல்ட் விளக்குகளே நல்லது.

படுக்கும் முன்

எல்லா விளக்கும் விடிய விடிய எரிய வேண்டியதில்லை. படியருகே ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு, மற்றதற்கு 10 மணிக்கு அணையும் டைமர் போதும். இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, தலையணையில் தலை வைத்தபடி எதிர்ச் சுவரைப் பாருங்கள். ஜன்னல் கம்பியின் நிழல் அங்கே விழுந்தால், தோட்டத்து விளக்கை நாளைக்கே திருப்பி வையுங்கள்.