மில் இருக்கிறது, களம் எங்கே?

காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போகும் சாலையில் இருக்கும் புதுவயல், அரிசி ஆலைகளுக்குப் பேர் போன ஊர். அவியல், உலர்த்தி, கலர் சார்ட்டர் என்று ஆலைக்குள் வேலை நவீனமாகிவிட்டது. ஆலை வாசலுக்கு வந்து சேரும்வரை நெல் படும் பாடு மட்டும் மாறவில்லை.

சுற்றுவட்டாரக் கண்மாய்ப் பாசன வயல்களில் தை, மாசியில் அறுவடை. இயந்திரம் இறங்கினால் சில மணி நேரத்தில் வயல் காலி. அப்படி அறுத்த நெல்லில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டியே இருக்கும். அரசுக் கொள்முதலுக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். 2022 அக்டோபரில் மழையை முன்னிட்டு அதை 19 ஆக்கியதே பெரிய சலுகை. களம் இல்லாதவர்கள் தார்ச் சாலையில் நெல்லைக் கொட்டி, ஓரத்தில் கல் அடுக்கி, காலால் வரி போட்டுக் கிளறுகிறார்கள். பாதி சாலையில் நெல், மீதிப் பாதியில் பஸ். தூறல் விழுந்தால் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். மூடிய ஈர நெல் உள்ளே சூடேறிப் பழுப்படிக்கும். வியாபாரி விலையைக் குறைக்க அது போதும்.

வயலுக்கும் ஆலைக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியை அடைக்க மானியம் இருக்கிறது. பிரதமரின் உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்கள் திட்டம் 2020 ஜூனில் 10,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் தொடங்கி, பின்னர் 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 எனப் பகிர்கின்றன. தனி நிறுவனத்துக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். 20 லட்சத்துக்கு மாவு மில் போடுகிறவர் கையிலிருந்து குறைந்தது 2 லட்சம் போட வேண்டும். மீதி வங்கிக் கடன். மானியம் 7 லட்சம். அந்த 7 லட்சம் ரொக்கமாகக் கைக்கு வராது. 3 ஆண்டு தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் கடனில் கழியும். நிலத்தின் விலை கணக்கில் சேராது.

இதே திட்டத்தின் இன்னொரு கதவைப் பலர் தட்டுவதே இல்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், கூட்டுறவுச் சங்கம், சுய உதவிக் குழுக்கள் பொது வசதி அமைத்தால் 35 சதவீதம், 3 கோடி வரை மானியம் உண்டு. தரப் பரிசோதனை, தரம் பிரித்தல், கிடங்கு, பொதுப் பதப்படுத்தும் கூடம் எல்லாம் இதில் அடங்கும். உலர்த்தியையும் கூடத்தோடு சேர்த்துத் திட்டமிடலாம். வாடகைக்கு மற்றவர்களும் பயன்படுத்த விட வேண்டும் என்பது நிபந்தனை, நல்ல நிபந்தனை. வேளாண் உட்கட்டமைப்பு நிதியை இதனுடன் இணைத்தால் 2 கோடி வரையிலான கடனுக்கு 7 ஆண்டு வரை 3 சதவீத வட்டியும் குறையும்.

ஆலைகள் நிறைந்த ஊரில் இன்னொரு ஆலைக்கு மானியம் தேடுவதைவிட, நாலைந்து ஊருக்குப் பொதுவாக ஓர் உலர்த்தியும் கிடங்கும் வருவதே சிறு விவசாயிக்கு உதவும். காய்ந்த நெல்லை ஒரு மாதம் வைத்திருக்க முடிந்தால், அறுத்த அன்றே கேட்ட விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.

விவரம் கேட்க மாவட்டத் தொழில் மையத்தை அணுகலாம். திட்ட அறிக்கை தயாரிப்பதிலிருந்து வங்கிக் கடன் வரை உதவ மாவட்ட வள நபர்கள் இருக்கிறார்கள். கடன் ஒப்புதலானால் அவர்களுக்கான ஊதியத்தைத் திட்டமே தருகிறது. இடைத்தரகர் யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டாம்.